மேகோம் ஊரின் ஹாலோவீன் இரவை மேடையில் வாசிக்க: ஹாம் உடை, இருட்டு, இரண்டு கத்திகள்

திரைவிலக்கு கேட்டது:

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் 27 முதல் 31 வரையுள்ள அத்தியாயங்களை வைத்து, பாதி வாசிப்பும் பாதி நடிப்புமாக 50 நிமிட நிகழ்வு ஒன்றைத் தயாரிக்கிறோம். டாம் ராபின்சன் வழக்கு வரை (பொய்க்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவருக்காக, கதை சொல்லும் சிறுமி ஸ்கௌட்டின் தந்தை ஆட்டிகஸ் வாதாடியது) பார்வையாளர்களுக்குக் கதை தெரியும். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு இரவுதான். ஸ்கௌட்டாக நடிக்கும் சிறுமிக்குப் பத்து வயது, உயரம் 130 செ.மீ. சிறிய அரங்கம், பார்வையாளர்கள் எண்பது பேர் வரை. மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இரண்டரை மீட்டர்தான் இடைவெளி.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். ஒன்று, மரத்தடியில் என்ன நடக்கிறது, எந்த வரிசையில்? குழுவில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள், கத்தி விஷயத்தில் இன்னும் குழப்பம். இரண்டு, பள்ளி நிகழ்ச்சிக்காக ஸ்கௌட் போடும் அந்த ஹாம் (பதப்படுத்திய பன்றித்தொடை) உடையை நாவலில் உள்ளபடியே கோழிவலைக் கம்பியில் செய்ய முடியுமா? அட்டையில் செய்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று, தாக்குதல் முழுவதும் கும்மிருட்டில் நடக்கிறது. அதை அப்படியே இருட்டில் வைத்தால் பார்வையாளர்களுக்கு ஏதாவது புரியுமா?

---

பக்கம்புரட்டி எழுதியது:

வரிசையை முதலில் நேர் செய்துவிடலாம். தாக்குதல் நடக்கும்போது ஸ்கௌட் எதையும் பார்ப்பதில்லை. கேட்கிறாள், தொடுகிறாள், மோப்பம் பிடிக்கிறாள். உங்கள் குழுவில் ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இதுதான். நாவல் தந்திருப்பது ஒலிகளை. அவற்றிலிருந்து ஒவ்வொருவரும் தன் மனத்தில் ஒரு படம் வரைந்துகொள்கிறார்கள்.

இரவின் தொடக்கத்தில் நிலா இல்லை, அக்டோபர் கடைசிக்குப் பொருந்தாத வெதுவெதுப்பு, காற்று மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஸ்கௌட்டின் அண்ணன் ஜெம் டார்ச் கொண்டுவரவில்லை. பள்ளிக்குப் போகும் வழியிலேயே ஸ்கௌட் பெரிய ஓக் மரத்தின் வேரில் தடுக்கி விழுகிறாள். அதே வழியில் வகுப்புத் தோழன் சிசில் ஜேக்கப்ஸ் இருட்டிலிருந்து பாய்ந்து பயமுறுத்துகிறான். இந்த இரண்டையும் வெட்டிவிடாதீர்கள். வேர் எங்கே இருக்கிறது என்று பார்வையாளர்களுக்கு அப்போதே பதிய வேண்டும். திரும்பும்போது பின்னால் கேட்கும் காலடியைப் பிள்ளைகள் சிசிலின் இன்னொரு விளையாட்டு என்று நம்புவதற்கும் அந்த முதல் பயமுறுத்தல்தான் காரணம்.

பள்ளி நிகழ்ச்சி முடிந்ததும் ஸ்கௌட் உடையைக் கழற்றாமலே கிளம்புகிறாள். மேடையில் தாமதமாக நுழைந்து காட்சியைக் கெடுத்த வெட்கத்தை அதற்குள் மறைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. காலணியை மேடைக்குப் பின்னால் மறந்துவிட்டாள், அதனால் வெறுங்கால். இந்த வெறுங்கால் முக்கியம். காலடியில் மணல் குளிர்வதை வைத்துத்தான் ஓக் மரம் பக்கத்தில் வந்துவிட்டது என்று அறிகிறாள். உடைக்குள்ளிருந்து அவளுக்கு வேறு வழியில்லை.

பின்தொடர்பவன் ஜெம் நின்றால் நிற்கிறான், நடந்தால் நடக்கிறான். ஸ்கௌட் சிசிலைக் கேலி செய்து கூவுகிறாள், பதில் வருவதில்லை. கனத்த காலணியை இழுத்து நடக்கும் சத்தம். மரக்கிளை உரசுகிறது என்று அவள் நினைத்திருந்தது, தடித்த பருத்திக் கால்சட்டை ஒன்றோடொன்று உரசும் சத்தம். பிறகு ஓட்டம். ஜெம் "ஓடு" என்று கத்துகிறான். ஸ்கௌட் ஓரடி எடுத்து வைத்ததும் சமநிலை போகிறது, ஏனென்றால் கைகள் கம்பிக்குள். எதுவோ கம்பிவலையை நசுக்குகிறது, உலோகம் உலோகத்தைக் கிழிக்கிறது, அவள் விழுந்து உருள்கிறாள். ஜெம் அவளை இழுத்துக்கொண்டு சாலைக்குப் பக்கத்தில் வருகிறான். அங்கே அவனைப் பின்னாலிருந்து யாரோ இழுத்துத் தரையில் தள்ளுகிறார்கள். ஒரு நொறுங்கல் சத்தம், ஜெம்மின் அலறல். ஸ்கௌட் அலறல் வந்த திசைக்கு ஓடி ஒரு தொளதொளத்த வயிற்றில் மோதுகிறாள். அந்த ஆள் அவளை இறுக்குகிறான், மூச்சு முட்டுகிறது. திடீரென்று அவனே பின்னால் இழுக்கப்பட்டு விழுகிறான். ஜெம் எழுந்துவிட்டான் என்றுதான் அவள் அப்போது நினைக்கிறாள்.

பிறகு சத்தங்கள் அடங்குகின்றன. ஒருவர் மரத்தில் சாய்ந்து, உடம்பே குலுங்க இருமுகிறார். எதையோ தேடுகிறார், கனமான ஒன்றை இழுக்கிறார். மரத்தடியில் நான்கு பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்கு மெல்ல மெல்லப் புரிகிறது. தரையில் கிடப்பவனைக் கால்விரலால் தேடி, கையால் தடவுகிறாள்: இடுப்புவாரின் கொக்கி, பொத்தான்கள், முள்முள்ளாகத் தாடி, பழைய விஸ்கி நாற்றம். ஜெம் இல்லை. சாலைப் பக்கம் திரும்பினால் தெருவிளக்கின் அடியில் ஒருவர் தள்ளாடித் தள்ளாடி ஜெம்மைத் தூக்கிக்கொண்டு போகிறார். ஜெம்மின் கை முன்பக்கம் தாறுமாறாகத் தொங்கி ஆடுகிறது.

உங்கள் மேடையில் ஒளி முதன்முதலாக வர வேண்டிய இடம் அந்தத் தெருவிளக்குதான். அதற்கு முன் ஒரு துளியும் வேண்டாம்.

கத்தி விஷயம். பிள்ளைகளைத் தாக்கியவன் யூவெல், டாம் மீது குற்றம் சாட்டிய குடும்பத்தின் தகப்பன். அவன் உடம்பில், விலா எலும்புக்கு அடியில் செருகியிருந்தது சமையலறைக் கத்தி. ஷெரிஃப் ஹெக் டேட் பிறகு தன் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது மடக்குக் கத்தி. அது எங்கே கிடைத்தது என்று ஆட்டிகஸ் கேட்டதற்கு, குடிகாரன் ஒருவனிடமிருந்து பிடுங்கியது என்கிறார். செத்துக் கிடந்தவன் மீது விஸ்கி வாடை வீசியதை ஸ்கௌட் வழியாக நாம் முன்பே அறிவோம். சமையலறைக் கத்தியை யூவெல் குப்பைமேட்டில் எடுத்திருப்பான், தடுக்கி அதன் மேலேயே விழுந்துவிட்டான் என்பது டேட் சாதிக்கும் கதை. நாவல் இதற்கு மேல் பெயர் சொல்லாது. யாருடைய கை என்பதை வாசகர் கூட்டிக்கொள்ள வேண்டும். மேடையிலும் அப்படியே விடுங்கள். இருட்டில் எந்தக் கத்தியும் தெரியக் கூடாது, உருவும் சத்தம்கூடக் கூடாது.

இன்னொன்று, பெரும்பாலான வாசிப்புகளில் கோட்டைவிடும் இடம். வராந்தாவில் நடக்கும் வாக்குவாதத்தில் ஆட்டிகஸ், ஜெம்தான் குத்தினான் என்று நம்பிப் பேசுகிறார். தன் மகன் என்பதற்காக எதையும் மூடி மறைக்கக் கூடாது, எல்லாம் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்பதே அவர் பிடிவாதம். டேட் காப்பாற்றப் பார்ப்பது ஜெம்மை அல்ல, அண்டைவீட்டுக்காரர் பூ ராட்லியை. இருவரும் வெவ்வேறு ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆட்டிகஸுக்கு அது வெகுநேரம் புரிவதில்லை. நடிகர்கள் முடிவைத் தெரிந்துகொண்டு நடித்தால் காட்சி செத்துவிடும். ஆட்டிகஸாக வருபவர் "ஜெம்" என்ற பெயரைச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் தகப்பனின் பயம் இருக்கட்டும்.

டேட்டின் வாதத்தில் கண்ணியாக நிற்பது இருட்டு. கை ஒடிந்த பையன் கும்மிருட்டில் வளர்ந்த ஆளைச் சமாளித்துக் கொல்ல முடியாது. அந்த இடத்தில் நடந்ததைச் சரியாகச் சொல்ல இருட்டுக்குப் பழகிய ஆள் வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெளிச்சத்துக்கு வராமல் வீட்டுக்குள் இருந்தவர் அந்த ஊரில் யார்? நீங்கள் தாக்குதலை நீல விளக்கில் காட்டிவிட்டால், டேட் பேசும்போது அந்த வாதம் பார்வையாளர்களிடம் நிற்காது.

---

கம்பிவலை எழுதியது:

அட்டை வேண்டாம், காரணம் கதையிலேயே இருக்கிறது. தையல்காரர் கிரென்ஷா கோழிவலையை ஹாம் வடிவில் வளைத்து, பழுப்புத் துணி போர்த்தி, வண்ணம் பூசிக் கொடுக்கிறார். முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும், பார்க்க இரண்டு ஓட்டை. புழுக்கம், இறுக்கம், மூக்கு அரித்தால் சொறிய முடியாது, தானாக வெளியே வர முடியாது. இந்தக் குறைகள் எல்லாம் முதலில் சிரிப்புக்காகச் சொன்னவை போலிருக்கும். கடைசியில் உயிரைக் காப்பாற்றுவது அந்தக் கம்பிதான். யூவெல்லின் சட்டைக் கையில் இருந்த சின்னச் சின்னத் துளைகளுக்கும், புஜத்தில் இருந்த குத்துத் தடங்களுக்கும் விளக்கம் தருவதும் அதே கம்பி. அட்டையில் செய்தால் இந்தச் சாட்சியம் எல்லாம் காணாமல் போகும்.

செய்முறை. 1 அங்குல வலைக்கண், 20 அல்லது 22 கேஜ் (கம்பித் தடிமன்), 3 அடி அகலச் சுருள் வாங்குங்கள். 2 அங்குலக் கண் வேண்டாம், துணி குழிந்து உள்ளே போய்விடும். அரை அங்குலக் கண் விறைப்பாக இருக்கும், கையால் வடிவம் கொண்டுவருவது கடினம். சுருளின் அகலமே உடையின் உயரம், 90 செ.மீ. உங்கள் சிறுமியின் தலைக்கு மேல் 5 செ.மீ. விட்டால் அடிவிளிம்பு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் நிற்கும். நாவலில் உள்ள அளவு ஏறத்தாழ அதுதான்.

நீளம் 140 செ.மீ. வெட்டி உருளையாக்குங்கள், 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். வயிற்றருகே சுற்றளவு 130, தோளருகே 105, அடிவிளிம்பு 115 செ.மீ. வரை சுருக்குங்கள். உச்சியில் எலும்பு முனை போல 45 செ.மீ. வரை குறுகட்டும். சுருக்குவதற்கு வெட்ட வேண்டியதில்லை, குறட்டால் ஒவ்வொரு அறுகோணத்தையும் கிள்ளி முறுக்கினால் வலை தானாக ஒடுங்கும். மேலிருந்து கீழே வரிசையாகச் செய்யாமல் சுற்றிச் சுற்றிச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். ஒரு பக்கம் லேசாகப் புடைத்து மறுபக்கம் தட்டையாக இருந்தால்தான் பன்றித்தொடை மாதிரி தெரியும். சமச்சீராகச் செய்தால் பேரிக்காய் ஆகிவிடும்.

அடிவிளிம்பிலும் தோள் மட்டத்திலும் 3 மி.மீ. கம்பியில் வளையம் கட்டுங்கள். வெட்டிய முனைகள் அத்தனையும் வெளிப்பக்கம் மடங்க வேண்டும், அதன் மேல் துணிநாடா இரண்டு சுற்று. இந்த ஒரு வேலையில் அவசரப்படக் கூடாது. ஒரே ஒரு முனை உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் கண்ணருகே போய் நிற்கும். தோல் கையுறை இல்லாமல் வலையைத் தொடாதீர்கள்.

பாரம் தலையில் இறங்கக் கூடாது. தோள் வளையத்தின் குறுக்கே 5 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டு, அடியில் ஃபோம். உடையை மாட்டி, பட்டை தோளில் அமர்ந்த பிறகுதான் கண் ஓட்டைகளைக் குறியுங்கள். மேசையில் வைத்துக் குறித்தால் நிச்சயம் நெற்றிக்கு வரும். ஓட்டை 4 செ.மீ. விட்டம், உள்ளே கறுப்பு வலைத்துணி. பக்கவாட்டுப் பார்வை அறவே இருக்காது, அவளை நடத்திப்போக ஒரு கை எப்போதும் வேண்டும். ஜெம் அவள் தலைமேல் கை வைத்து நடத்துவதாகத்தான் நாவலிலும் வருகிறது, நடிப்பாகவே அமைந்துவிடும்.

துணிக்கு சாயம் போகாத பழுப்புப் பருத்தி, 2 மீட்டர். பசை வேண்டாம், வலையோடு 5 செ.மீ.க்கு ஒரு தையல். அக்ரிலிக் வண்ணத்தில் சரிபாதி தண்ணீர் கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். கெட்டியாகப் பூசினால் துணி விறைத்து, நடக்கும்போது சரசரக்கும், அந்தச் சரசரப்பு உங்கள் இருட்டுக் காட்சியின் ஒலியைக் கெடுக்கும். கொழுப்புக் கோடுகளை வெள்ளையும் மஞ்சளும் கலந்து போடுங்கள். அவற்றில் சிலவற்றை மினுக்கும் வண்ணத்தில் போடுவது கட்டாயம். மேடை விளக்கில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கிரென்ஷா அப்படிப் பூசியிருக்கிறார். இருட்டில் அந்தக் கோடுகளை வைத்துத்தான் ஜெம்முக்கு அவள் இருக்கும் இடம் தெரிகிறது.

ஒரு இடத்தில் மட்டும் நாவலை மீறியே ஆக வேண்டும். தானாக வெளியே வர முடியாத உடையைப் பிள்ளைக்குப் போடக் கூடாது. முதுகுப் பக்க இணைப்பைக் கம்பியால் கட்டாமல், வளையங்களையும் அந்த இடத்தில் மூடாமல், மேலிருந்து கீழ்வரை வெல்க்ரோ வையுங்கள். உள்ளிருந்து முதுகால் ஓங்கித் தள்ளினால் பிளந்துகொள்ள வேண்டும். ஒத்திகையில் முதலில் பழக்க வேண்டியது அதுதான். உச்சியில் காற்றுக்கு 8 செ.மீ. திறப்பு, உள்ளே இருக்கும் நேரம் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். மெழுகுவத்தி, சூடான விளக்கு எதுவும் அருகில் வேண்டாம்.

விழும் காட்சிக்கு இதே உடையைப் பயன்படுத்தாதீர்கள். கை உள்ளே சிக்கியிருக்கும் பிள்ளை விழும்போது கை ஊன்றித் தாங்க முடியாது, முகம்தான் முதலில் மோதும். இருட்டில் ஒலி மட்டும் போதும் என்பதால், அந்த நேரத்தில் சிறுமி உடையிலிருந்து வெளியே வந்து ஓரமாக நிற்கட்டும்.

நசுங்கிய உடை தனியாக ஒன்று வேண்டும், டேட் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு. இதில்தான் பலரும் தவறுவது. கத்தி பட்ட அடையாளம் எது? மங்கலான கம்பியில் பளபளவென்று ஒரு சுத்தமான கோடு. புதிதாக வாங்கிய கால்வனைஸ் கம்பி முழுக்கவே மின்னும், கோடு தெரியவே தெரியாது. ஆகவே முதலில் கம்பி முழுவதையும் பளபளப்பில்லாத சாம்பல்–பழுப்பு வண்ணத்தில் முக்கி எடுங்கள். காய்ந்ததும் நசுக்குங்கள். பிறகு துணி கிழிந்திருக்கும் இடத்தில், சாய்வாக 15 செ.மீ. நீளத்துக்கு, குறுக்கே வரும் ஒவ்வொரு கம்பியின் மேல்முகத்தையும் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து வண்ணத்தைச் சுரண்டுங்கள். வலையின் ஒவ்வொரு இழையிலும் ஒரு புள்ளிதான் மின்னும், தள்ளி நின்று பார்த்தால் கோடாகச் சேரும். டேட் அதை விளக்குக்கு நேராகச் சாய்த்தால் இரண்டாம் வரிசைக்கும் தெரியும். அவர் விரலை அந்தக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டட்டும், வசனம் அதற்குப் பிறகு வரட்டும்.

---

இருட்டொலி எழுதியது:

முழு இருட்டு மூன்று நிமிடம் தாங்கும், அதற்கு மேல் போனால் கூட்டம் நெளியத் தொடங்கும். ஜெம் நின்று கேட்கும் இடத்திலிருந்து தெருவிளக்கு வரை மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். அதற்கு முந்தைய நடையில் விளக்கை 90 விநாடி எடுத்துக்கொண்டு மெல்லக் குறையுங்கள். சட்டென்று அணைத்தால் கண்ணுக்குப் பழக நேரம் கிடைக்காது, முதல் அரை நிமிடம் மக்கள் கதையை விட்டுவிட்டு விளக்கையே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியேறும் வழிப் பலகை விளக்குகளை அணைக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. நடிகர்களுக்கு மேடை விளிம்பில் ஒளிரும் நாடா ஒட்டுங்கள், பார்வையாளர் பக்கம் தெரியாத கோணத்தில். வாசிப்பவரின் மேசை விளக்குதான் பெரும் தொல்லை. காகிதத்தில் பட்டுத் திரும்பும் ஒளியே மேடை முழுவதையும் காட்டிவிடும். அந்த மூன்று நிமிடத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கறுப்புத் தாளில் மங்கிய ஆரஞ்சு எழுத்தாக அச்சடித்து, மிகச் சிறிய விளக்கைக் குழாய் போட்டு மூடி வையுங்கள்.

ஒலிகள். 60க்கு 90 செ.மீ. தட்டில் 3 செ.மீ. உயரம் மணல், அதில் கனத்த காலணி. தூக்கி வைக்கும் அடி வேண்டாம், இழுக்கும் அடிதான். கால்சட்டை உரசலுக்குத் தடித்த கான்வாஸ் துண்டு இரண்டை மைக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளித் தேயுங்கள். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்ய வேண்டும், அப்போதுதான் அடியும் உரசலும் ஒரு உடம்பிலிருந்து வருவது போலிருக்கும்.

பயம் எங்கே பிறக்கிறது என்றால், பிள்ளைகள் நின்ற பிறகு கூடுதலாக விழும் அந்த ஒற்றை அடியில். முதல் தடவை பிள்ளைகளும் பின்தொடர்பவனும் ஒரே கணத்தில் நிற்கட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாம் தடவை அரை விநாடி தாமதம். மூன்றாம் தடவை ஒரு முழு அடி. மூன்றுக்கு மேல் நீட்டாதீர்கள்.

கம்பி கிழிவதற்கு, எஞ்சிய வலைத் துண்டுகள் இரண்டை ஒன்றோடொன்று மாட்டிப் பிடுங்கினால் போதும், பதிவு செய்த ஒலி எதுவும் அதற்கு ஈடாகாது. எலும்பு ஒடிவதற்கு, ஈரத் துணியில் சுற்றிய செலரித் தண்டுக் கட்டை முறுக்குங்கள். நாவலில் வருவது மந்தமான நொறுங்கல், 'படீர்' என்று கேட்டால் தப்பு. ஆகவே மைக்கை ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

ஸ்பீக்கர் இரண்டு இருந்தால் ஒன்றைப் பார்வையாளர்களுக்குப் பின்னால் வையுங்கள். காலடி பின்னாலிருந்து வரட்டும். ஓட்டம் தொடங்கியதும் முன் ஸ்பீக்கருக்கு மாற்றுங்கள், கூட்டத்தின் நடுவே ஓடி வந்தது போலிருக்கும். இருமலை மட்டும் ஸ்பீக்கரில் விடாதீர்கள். அது பூ ராட்லியின் முதல் ஒலி. மேடையிலேயே, மைக் இல்லாமல், ஒரு மனிதத் தொண்டையிலிருந்து வர வேண்டும்.

---

திரைவிலக்கு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கம்பி வாங்கச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள். நிகழ்ச்சித் தாளில் "1935 அக்டோபர் 31, வியாழன்" என்று போடலாமா? நேரம் மிச்சப்படுத்த மெர்ரிவெதர் அம்மையாரின் பள்ளி நிகழ்ச்சியை முழுவதும் எடுத்துவிட்டால் என்ன?

---

பக்கம்புரட்டி எழுதியது:

கிழமையைப் போடாதீர்கள். ஆண்டைப் பொறுத்தவரை 1935 சரி. தேசிய மீட்புச் சட்டம் செத்துப்போனது பற்றி 27ஆம் அத்தியாயத்தில் பேச்சு வருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 1935 மே மாதம். அந்த ஆண்டு அக்டோபர் 31 பஞ்சாங்கப்படி வியாழன்தான். ஆனால் மறந்த காலணியை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெம் சொல்ல, நாளை ஞாயிறாயிற்றே என்கிறாள் ஸ்கௌட். கதைக்குள் அது சனிக்கிழமை. அக்டோபர் 31 சனியில் வந்தது 1931இலும் 1936இலும். "1935, ஹாலோவீன் இரவு" என்று மட்டும் போட்டால் நாவலோடும் முட்டாது, நாட்காட்டியோடும் முட்டாது.

நிகழ்ச்சியை முழுவதும் எடுத்தால் உடைக்கே காரணம் இல்லாமல் போகும். அந்த நிகழ்ச்சி ஏன் வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். முந்தைய ஹாலோவீனில் பிள்ளைகள் பார்பர் சகோதரிகளின் வீட்டுச் சாமான்களை எல்லாம் நிலவறையில் ஒளித்து வைத்துவிட்டார்கள். ஊரிலேயே நிலவறை இருந்த ஒரே வீடு அது. மறுபடியும் அப்படி நடக்கக் கூடாது என்று பெரியவர்கள் இந்த ஆண்டு எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்து வைக்கிறார்கள். பிள்ளைகளின் பத்திரத்துக்கும் ஊரின் அமைதிக்கும் செய்த ஏற்பாடே அவர்களை இருட்டில் தனியாக நடக்க வைக்கிறது. இந்தக் கண்ணி அறுந்தால் 27ஆம் அத்தியாயத்துக்கே வேலையில்லை. அதே அத்தியாயத்தில் யூவெல், டாம் வழக்கை விசாரித்த நீதிபதி டெய்லர் வீட்டுப் பக்கம் வந்து போனதாகத் தோன்றுவதும், டாமின் மனைவி ஹெலன் ராபின்சனைப் பின்தொடர்வதும் வருகின்றன. அவற்றுக்கும் ஆளுக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள். ஹெலனைப் பின்தொடர்ந்த நடையும் பிள்ளைகளின் பின்னால் வரும் நடையும் ஒரே மனிதனுடையவை.

---

கம்பிவலை எழுதியது:

நிகழ்ச்சியை நான்கு நிமிடத்தில் அடக்கலாம். கர்னல் மேகோம் பற்றி அம்மையார் அரை மணி நேரம் பேசுவதை ஒரு வாசிப்பாளர் மூச்சு விடாமல் ஒரு நிமிடம் படிக்கட்டும். அதற்குள் ஸ்கௌட் மேடையின் ஓரத்தில், உடைக்குள், மெதுவாகக் குந்தி உட்கார வேண்டும். அடிவிளிம்பு தரையைத் தொட்டதும் கால் மறைந்துவிடும். மேடையில் ஒரு ஹாம் மட்டும் கிடக்கும். அவள் தூங்கிவிட்டாள் என்று யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. அடி வளையத்தை 3 மி.மீ. கம்பியில் கட்டச் சொன்னது இதற்காகவும்தான். மெல்லிய கம்பியானால் உட்காரும்போது நெளிந்து, எழும்போது முழங்காலில் மாட்டும்.

பிறகு அழைப்பு. விளைபொருள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்து, ஸ்கௌட்டின் முறைக்கு "போர்க்" (பன்றி இறைச்சி) என்று முதல் தடவை நம்பிக்கையோடு, ராகம் போட்டு. நான்கு விநாடி இடைவெளி. இரண்டாம் தடவை கேள்வியாக. ஆறு விநாடி. மூன்றாவது கத்தல். ஹாம் எழுந்து வரும்போது அம்மையார் மாநிலக் கொடியோடு மேடை நடுவில் இருக்க வேண்டும், சேர்ந்திசை முடிந்துகொண்டிருக்க வேண்டும். நீதிபதி டெய்லர் வெளியே போய்த் தொடையில் அடித்துச் சிரித்ததை வாசிப்பில் சொன்னால் போதும், நடிக்க வேண்டாம்.

நுழைவு மேடையின் இடப்பக்கத்திலிருந்து, நாவலில் இருப்பதும் அதுவே. உங்கள் மேடையில் அந்தப் பக்கம் படிக்கட்டு இருந்தால் பக்கத்தை மாற்றிவிடுங்கள். இந்த உடைக்குள்ளிருந்து பார்த்தால் காலடியில் இருக்கும் படி தெரியாது.

---

இருட்டொலி எழுதியது:

கூடத்தில் இடம் இருந்தால் ஒரு சின்ன யோசனை. அன்றிரவு பள்ளியில் ஐந்து சென்ட் கட்டணத்தில் ஓர் இருட்டறை விளையாட்டு நடக்கிறது. உரித்த திராட்சையைக் கண்ணென்றும், பச்சை ஈரலை இதயமென்றும், ஆறிப்போன ஸ்பகெட்டியைக் குடலென்றும் தொடச் சொல்கிறார்கள். ஸ்கௌட்டும் சிசிலும் கொஞ்சமும் பயப்படுவதில்லை. பார்வையாளர்கள் உள்ளே வரும் வழியில் திராட்சையும் ஸ்பகெட்டியும் மட்டும் மூடிய பெட்டியில் வைத்துத் தொட விடுங்கள். ஈரல் வேண்டாம், அறை வெப்பத்தில் கெடும். ஸ்பகெட்டியை வேகவைத்ததும் தண்ணீரில் அலசி ஒரு தேக்கரண்டி எண்ணெய் கலந்தால் ஒட்டிக்கொள்ளாது. கை துடைக்க ஈரத்துணி, பெட்டிக்கு ஒரு ஆள். கண்ணால் பார்க்காமல் கையால் அறிவது என்ன என்று அவர்கள் விரலுக்கு முன்பே தெரிந்திருந்தால், மரத்தடியில் ஸ்கௌட் அந்தத் தாடியைத் தடவும் வரியை வாசிப்பவர் உரக்கச் சொல்ல வேண்டியிருக்காது.